வெட்டைக்கு ஒரு ரவை, பற்றைக்கு ஒரு ரவை

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் ஏ-32 வீதியில், திருக்கேதீச்சரத்துக்கு வடக்கே, விடத்தல்தீவை எட்டும் முன்பு பாப்பாமோட்டை வருகிறது. மேற்கே கடல்நீர் ஏறி இறங்கும் களப்பு, சேற்றுத்தரை, கண்டல். கிழக்கே திரும்பினால் மாந்தையின் வயல்வெளி. இடையில் பனைகளும் உடைமரங்களும் அடர்ந்த முட்பற்றைகளும். அறுவடை முடிந்த வயலின் வரம்பில் ஒருவர் நடந்தால் 500 மீற்றருக்கு அப்பாலிருந்தும் கண்ணுக்குத் தெரிவார். அதே ஆள் பற்றைக்குள் புகுந்துவிட்டால் 30 மீற்றரில் நிற்பவருக்கும் தெரியமாட்டார்.

காலாட்படை வீரன் ஒருவன் இந்த நிலத்தை ஒரே முற்பகலில் கடந்தால், அவனுக்கு இரண்டு வேறு துவக்குகள் தேவைப்படும். ஒன்று வெட்டையில் தொலைவுக்கு நேராகச் சுடுவது. மற்றது பற்றைக்குள் கண் இமைக்கும் நேரத்தில் தோளுக்கு ஏறுவது. அவன் கையில் இருப்பதோ ஒன்றுதான். எந்த அளவு ரவை போரில் மேலானது என்று 130 ஆண்டுகளாக உலகப் படைகள் நடத்திவரும் விவாதத்தின் வேர் இந்தச் சிக்கலில் இருக்கிறது. இந்த விவாதத்தை வாஷிங்டனிலோ மொஸ்கோவிலோ வைத்து எழுதியவர்கள் பலர். ஆனால் தெற்காசியப் படைகளின் துவக்குக் கொள்கையைப் புரட்டிப்போட்ட களங்களில் ஈழத்து வடபுலமும் ஒன்று.

முதலில் சில எண்கள். 7.62 மி.மீ. என்பது குழலின் உள்விட்டத்தை மட்டுமே சொல்கிறது. அந்த ஒரே எண்ணைத் தாங்கிய ரவைகளுக்குள் பெரிய வேறுபாடு உண்டு. நேட்டோ நாடுகளின் 7.62×51 ரவை, 9.5 கிராம் சன்னத்தை நொடிக்கு ஏறத்தாழ 840 மீற்றர் வேகத்தில் தள்ளுகிறது. குழல் வாயில் அதன் ஆற்றல் 3,300 ஜூலைத் தாண்டும். சோவியத் 7.62×39 ரவையின் சன்னம் 7.9 கிராம், வேகம் 715 மீற்றர், ஆற்றல் 2,000 ஜூல் அளவு. ஏகே-47, அதன் சீன வடிவமான டைப் 56 ஆகியவை சுடுவது இதைத்தான். 5.56×45 ரவையின் சன்னமோ வெறும் 4 கிராம். வேகம் 900 மீற்றரை மீறும், ஆற்றல் 1,700 ஜூலைச் சுற்றி நிற்கும். இதற்கு முந்திய தலைமுறையின் .303 ரவை 11.3 கிராம் சன்னத்தை 744 மீற்றர் வேகத்தில் அனுப்பியது.

ஆற்றலை மட்டும் பார்த்தால் தீர்ப்பு எளிது. எடையைப் பார்த்தால் அது தலைகீழாகும். நேட்டோ 7.62 ரவை ஒன்று 24 கிராம்; 5.56 ரவை அதில் பாதி. ஒரே சுமையில் ஒருவர் 100 ரவை கொண்டுபோவார், இன்னொருவர் 200 கொண்டுபோவார். சண்டை நீளும்போது இந்த வேறுபாடு உயிர் பற்றியது.

ரவை உரத்தைப் பற்றிய முதல் பெரிய சண்டை தொடங்கியதும் இந்தப் பக்கத்து மண்ணில்தான். 1895இல் இன்றைய பாக்கிஸ்தானின் வடமேற்கிலுள்ள சித்ராலில் போரிட்ட பிரித்தானிய இந்தியப் படை, தன் புதிய .303 சன்னம் பாய்ந்து வருபவரை நிறுத்தவில்லை என்று முறையிட்டது. முழுவதும் உலோக உறையிட்ட ஒல்லிச் சன்னம் உடலை ஊடுருவி வெளியேறிவிடுகிறது, ஆள் தொடர்ந்து வருகிறான் என்பது குறை. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதச் சாலையில் கப்டன் பெர்ட்டி கிளே என்பவர் சன்னத்தின் நுனி உறையை நீக்கி, ஈயம் வெளியே தெரியும்படி செய்தார். உடலில் பட்டதும் நுனி நசுங்கி விரியும். அந்த ஊரின் பெயரே உலகம் முழுதும் அத்தகைய சன்னத்துக்குப் பெயராயிற்று. 1899 ஜூலை 29 அன்று ஹேக் நகரில் கையெழுத்தான பிரகடனம், உடலில் விரியும் சன்னங்களைப் போரில் பயன்படுத்தத் தடை விதித்தது.

அந்தத் தடை விவாதத்தின் திசையையே மாற்றியது. சன்னத்தின் நுனியைத் திறக்கக் கூடாது என்றானபின், உறையிட்ட சன்னத்தைக் கொண்டே வேண்டிய விளைவைப் பெற வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் சன்னத்தின் நீளம், வேகம், உள்ளமைப்பு, உடலுக்குள் அது புரளும் விதம் ஆகியவற்றின் மீது நடந்த ஆய்வுகள் பலவும் இந்தச் சட்ட வேலிக்குள் நின்று செய்யப்பட்டவை. எதிரியை நிறுத்த வேண்டும், ஆனால் தேவைக்கு மேல் சிதைக்கக் கூடாது. இரண்டையும் ஒருசேரக் கேட்கும் சட்டம் அது.

1952இல் அமெரிக்கத் தரைப்படைக்காக நோர்மன் ஹிட்ச்மன் எழுதிய அறிக்கை வேறொரு கோணத்தில் அடித்தது. துவக்குச் சூடு பெரும்பாலும் 300 யாருக்கு உட்பட்ட தொலைவிலேயே பலன் தருகிறது, அதற்கு அப்பால் சராசரி வீரனால் இலக்கைக் காண்பதே அரிது என்று போர்க்களத் தரவுகளைக் கொண்டு அவர் காட்டினார். சிறிய, வேகமான, எடை குறைந்த ரவையே போதும் என்பது அதன் உட்பொருள். பிரித்தானியர் அப்போது .280 என்ற இடைநிலை ரவையை உருவாக்கி வைத்திருந்தார்கள். அமெரிக்கா முழு உரம் கொண்ட ரவையை வற்புறுத்தியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் 7.62×51 நேட்டோவின் பொது ரவையாயிற்று. பத்தே ஆண்டு கழிந்து, அதே அமெரிக்கா வியட்நாமுக்கு 5.56 எம்16 துவக்கைக் கொண்டுபோனது. நேச நாடுகளை ஒரு வழிக்கு இழுத்துவிட்டுத் தான் வேறு வழியில் போன இந்தத் தடுமாற்றத்தின் விலையை இந்தியா போன்ற நாடுகளும் கொடுத்தன.

இந்தியா இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த 1ஏ1 எஸ்எல்ஆர், நேட்டோ 7.62 ரவையைச் சுடும் துவக்கு. நீளம் ஒரு மீற்றருக்கு மேல், கூட்டில் 20 ரவை, விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு வெடி. திறந்த சமவெளியிலும் மலை முகட்டிலும் பாக்கிஸ்தானை எதிர்கொள்வதற்கு ஏற்றது. 1987 ஜூலை 29 அன்று இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானபின் இந்திய அமைதிப்படை இந்தத் துவக்குடன்தான் யாழ்ப்பாணத்தில் இறங்கியது. அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போர் மூண்டபோது, எதிரே இருந்தவர்கள் கையில் ஏகே வகைத் துவக்குகள்: நீளம் குறைவு, கூட்டில் 30 ரவை, விரும்பினால் தொடர்சூடு.

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளைத் தெரிந்தவர்களுக்கு அடுத்து நடந்ததை விளக்கத் தேவையில்லை. இருபுறமும் கிடுகு வேலி, திரும்பத் திரும்ப முடக்கு, ஒவ்வொரு வளவுக்கும் தனிப் படலை. கிடுகு ஆளை மறைக்கும். எந்தச் சன்னத்தையும் தடுக்காது. சண்டை பத்து, இருபது மீற்றரில் வெடிக்கும். அங்கே 600 யார் வரை குறி வைக்கும் வசதி பயனற்றது. முதல் இரண்டு நொடிக்குள் யார் கூடுதலான ரவைகளை அனுப்புகிறார் என்பதே கணக்கு. எஸ்எல்ஆரின் கனத்த உதைப்பில் இரண்டாவது வெடிக்குக் குழலை மீண்டும் இலக்குக்குக் கொண்டுவரும் நேரம் அங்கே பெரிய நேரம். 1990 மார்ச்சில் அமைதிப்படை திரும்பியபோது சுமார் 1,200 இந்தியப் படையினர் உயிரிழந்திருந்தார்கள். டில்லி அதன்பின் ஏறத்தாழ ஒரு லட்சம் ஏகே வகைத் துவக்குகளைக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அவசரமாக வாங்கியது, சொந்த 5.56 துவக்கான இன்சாஸ் திட்டத்தையும் விரைவுபடுத்தியது.

ஆனால் இழப்புகள் அனைத்தையும் துவக்கின் தலையில் போடுவது தவறு. 1987 அக்டோபர் 11 நள்ளிரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகொப்டரில் இறக்கப்பட்ட 13ஆவது சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேரில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் சிறைபிடிக்கப்பட்டார். தரையிறக்கம் புலிகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஹெலிகொப்டர்கள் கடும் சூட்டுக்குள் வந்தன, அடுத்த அணிகளை இறக்க முடியாமல் போயிற்று. தனித்து விடப்பட்டவர்கள் ரவை தீரும்வரை போரிட்டார்கள். அவர்கள் கையில் ஏகே இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் விடியும்வரை வழங்கல் வராத இடத்தில், ஒவ்வொருவரும் எத்தனை ரவை சுமந்து வந்தார்கள் என்ற கேள்வி கனமானது. ரவையின் அளவு பற்றிய விவாதத்தில் எடைக்கு உரிய இடத்தைத் தராதவர்கள் அந்த இரவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இன்சாஸ் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் படைக்கு வந்தது. 1999 கார்கில் குளிரில் அதன் பிளாஸ்டிக் கூடுகளில் விரிசல் விழுந்ததாகவும், துவக்கு இடையில் நின்றுபோனதாகவும் முறைப்பாடுகள் எழுந்தன. இவை துவக்கின் செய்நேர்த்தி பற்றிய குறைகள். வியட்நாமில் எம்16 இடைநின்றபோது அமெரிக்காவில் நடந்ததும் இதுவே. 1967இல் நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்து, மாற்றப்பட்ட வெடிமருந்து, துப்புரவுக் கருவி வழங்காமை, ரவையறையில் குரோமியப் பூச்சு இல்லாமை போன்ற காரணங்களைக் கண்டது. சன்னம் சிறியது என்பது அந்த நோய்க்குக் காரணமல்ல. ஆயினும் இரு நாடுகளிலும் வீரர்களின் மனத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்தன. தன் தோழன் அடைபட்ட துவக்கோடு இறந்ததைக் கண்டவர் அந்த ரவையையும் சேர்த்து வெறுப்பார். அது மனித இயல்பு. ஆய்வு அங்கேதான் நிதானிக்க வேண்டும்.

இன்சாஸைச் சுற்றி எழுந்த இன்னொரு வாதம் இன்றும் தெற்காசியப் படைமுகாம்களில் உலவுகிறது. 5.56 கொல்வதற்காக அல்ல, காயப்படுத்தவே வடிவமைக்கப்பட்டது, ஒருவர் காயப்பட்டால் அவரைத் தூக்க இருவர் வேண்டும், மூவர் களத்தை விட்டு நீங்குவார்கள் என்பது அந்த வாதம். அதன் தொடக்க ஆவணங்கள் இதற்கு இடம் தரவில்லை. 1957இல் அமெரிக்கத் தரைப்படை கேட்டது, 500 யாரில் இரும்புத் தலைக்கவசத்தைத் துளைக்கும் சன்னமும், குறைந்தது .30 கார்பைனுக்கு இணையான காயப்படுத்தும் உரமும். காயப்படுத்தினால் போதும் என்ற கட்டளை அதில் இல்லை.

வடபுலத்துக்குக் கொண்டுவந்தால் அந்தக் கணக்கே பொருந்தாது. புலிகளுக்குச் சொந்த மருத்துவப் பிரிவு இருந்தது. காயப்பட்டவர்களைக் களத்திலிருந்து எடுப்பதில் அது தேர்ந்தது. அதே வேளை பிடிபடுவதைத் தவிர்க்கக் கழுத்தில் சயனைட் குப்பியும் தொங்கியது. காயம் எதிரியின் ஆள்பலத்தை மூன்று பங்கு குறைக்கும் என்று எழுதியவர்கள், காயப்பட்டபின் குப்பியைக் கடிக்க ஆயத்தமாக இருந்த போராளியை எந்தப் பத்தியில் சேர்ப்பார்கள்? கிளர்ச்சி எதிர்ப்புப் போரில் ஒரு சன்னம் பட்டும் சுடுவதை நிறுத்தாத எதிரியைக் கண்ட இந்திய அதிகாரிகளும் பிற்பாடு 5.56 போதாது என்று சொன்னார்கள். அவர்கள் கண்டது உண்மை. ஆனால் அதற்கு விடை ரவையின் விட்டத்தில்தான் உண்டா என்பது வேறு கேள்வி.

அதற்கு விடை தேடியவர் மார்ட்டின் ஃபக்லர். வியட்நாமில் போர்க்கள அறுவை மருத்துவராக இருந்த இவர், பிற்பாடு சான்பிரான்சிஸ்கோ லெட்டர்மன் ராணுவ ஆய்வு நிலையத்தில் காயங்களின் இயக்கத்தை ஆராய்ந்தார். தசையைப் போல நடந்துகொள்ளும் ஜெலற்றின் கட்டிகளுக்குள் சன்னங்களைச் சுட்டு, அவை எந்த ஆழத்தில் புரள்கின்றன, எந்த இடத்தில் உடைகின்றன என்று வரைந்தார். சோவியத் 7.62×39 சன்னம் ஏறத்தாழ 26 சென்றிமீற்றர் நுனி முன்னாகவே போனபிறகுதான் புரண்டது. மனித உடலின் பல பகுதிகளில் அதற்கு முன்பே அது வெளியேறிவிடும். அதனால் உள்ளே பெரிய சேதம் இல்லாமல் துளை மட்டும் விடுவதுண்டு. யூகோஸ்லாவியா செய்த அதே 7.62×39 சன்னம் 9 சென்றிமீற்றரிலேயே புரண்டது. விட்டம் ஒன்று, துவக்கு ஒன்று, உடலில் விளைவு இரண்டு. பழைய 5.56 சன்னம் 12 சென்றிமீற்றரில் புரண்டு, வேகம் உயர்ந்த நிலையில் இரண்டாக உடைந்து சிதறியது.

ஆகவே, பாப்பாமோட்டை வயலில் ஒருவரின் தொடையைத் துளைத்து வெளியேறிய சன்னமும், பற்றைக்குள் இன்னொருவரின் ஈரலைக் கிழித்த சன்னமும் ஒரே பெட்டியிலிருந்து வந்திருக்கலாம். எங்கே பட்டது, எந்தக் கோணத்தில் பட்டது, எலும்பைத் தொட்டதா என்பவை, குழலின் விட்டத்தைவிடக் கூடுதலாக முடிவைத் தீர்மானிக்கின்றன. அமெரிக்கக் கூட்டு ஆய்வுக் குழுவொன்று 2006இல் சொன்னதும் இதை ஒட்டியதே: சன்னம் பறக்கும்போது இலேசாகத் தள்ளாடுகிறது, இலக்கைத் தொடும் கணத்தில் அது சாய்ந்திருந்த அளவைப் பொறுத்து ஒரே ரவையின் விளைவு மாறுகிறது. 1993 மொகடிசு சண்டையில் பச்சை நுனி 5.56 ரவை பட்டும் ஆள் விழவில்லை என்று எழுந்த முறைப்பாட்டையும், அதே ரவை கொன்றதைக் கண்டவர்களின் சாட்சியத்தையும் இந்தத் தள்ளாட்டம் ஒருங்கே விளக்குகிறது. இரு சாராரும் பொய் சொல்லவில்லை.

பாப்பாமோட்டைக்குத் திரும்பலாம். புலிகளுடனான இறுதிக்கட்டப் போரில், 2008 மே 9 அன்று இலங்கைப் படை அருகிலுள்ள அடம்பனைக் கைப்பற்றியது. பின்னர் 58ஆவது படைப்பிரிவு எனப் பெயர் பெற்ற முதலாம் செயலணி, மன்னாரின் நெற்களஞ்சியம் எனப்பட்ட வயற்பரப்பைக் கடந்து ஏ-32 வழியே வடக்கே நகர்ந்தது. ஜூலை 16 அன்று கடற்புலிகளின் தளமான விடத்தல்தீவு வீழ்ந்தது. இரு தரப்பின் கையிலும் பெரும்பாலும் இருந்தது ஒரே 7.62×39 ரவை. இலங்கைப் படை 1949இல் .303 துவக்குடன் தொடங்கி, எஸ்எல்ஆர், ஜி3 ஆகியவற்றைக் கடந்து டைப் 56இல் நிலைகொண்டது. புலிகள் படையினரிடமிருந்து கைப்பற்றியதும் பெருமளவு அதுவே. ரவையை மட்டும் வைத்து வெற்றி தோல்வியை விளக்க முயல்பவருக்கு இந்தக் களம் இடம் கொடுக்காது.

வெட்டையில் 300 மீற்றருக்கு அப்பால் 7.62×39 சன்னம் விரைவாகத் தாழ்கிறது, குறி தவறுகிறது. அந்த இடைவெளியை இரு தரப்பும் வேறொரு ரவையால் நிரப்பின. பிகே இயந்திரத் துவக்கு, டிராகுனோவ் சினைப்பர் இரண்டும் சுடும் 7.62×54 விளிம்பு ரவை அது. 1891இல் ரஷ்யப் படை ஏற்றுக்கொண்ட ரவை, 2008இல் மன்னார் வயல்வெளியில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இலங்கைப் படையின் எட்டுப் பேர் கொண்ட சிறு அணிகள் பற்றைகளை அணைத்து ஊடுருவின. அங்கே குட்டையான டைப் 56 பொருந்தியது. வெட்டையில் வரம்புக்குப் பின்னும் பனங்குற்றி அடுக்கிய காப்பரணுக்குள்ளும் இருந்தவரைத் துவக்கு ரவை எட்டுவது அரிது. அங்கே எறிகணையும் பீரங்கியும் பேசின. அந்தப் போரில் இறந்தவர்கள், ஊனமுற்றவர்கள் என்ற பெருந்தொகையில் துவக்குச் சன்னத்தின் பங்கைத் தனியே பிரித்துப் பெரிதாக்குவது, எறிகணைக்கு இரையான குடிமக்களை மறப்பதற்கு ஒப்பாகும்.

ஒரே ரவை எல்லாத் தொலைவுக்கும் போதும் என்ற கனவு இன்னும் தீரவில்லை. ஆப்கானிஸ்தான் பள்ளத்தாக்குகளில் 5.56 எட்டாத தொலைவிலிருந்து தாக்கப்பட்ட அனுபவத்தை மேஜர் தோமஸ் எர்ஹார்ட் 2009இல் ஆய்வாக எழுதினார். 2022இல் அமெரிக்கத் தரைப்படை 6.8×51 ரவையைத் தேர்ந்தது. கனத்த ரவைக்கான ஏக்கம் மறுபடியும் வென்றது. இந்தியா 2019இல் 7.62×51 சுடும் 72,400 சிக் சாவர் துவக்குகளை அமெரிக்காவிடம் வாங்கியது. 2021 டிசம்பரில், அமேதி மாவட்டத்துக் கோர்வாவில் 6 லட்சத்துக்கும் கூடுதலான ஏகே-203களைச் செய்ய ரஷ்யாவுடன் ஒப்பந்தம் கையெழுத்திட்டது. அவை சுடுவது 7.62×39. இன்சாஸின் 5.56 இன்னும் புழக்கத்தில் உள்ளது. ஆக ஒரே படை மூன்று ரவைகளைச் சுமக்கிறது. வழங்கல் அதிகாரிக்கு இது தலைவலி. ஆனால் எல்லைக் கோட்டுக்கு ஒன்று, கிளர்ச்சி எதிர்ப்புக்கு ஒன்று என்று நிலத்தைப் பார்த்துப் பிரிப்பது, ஒரு ரவையை எல்லோர் மேலும் திணித்த 1950களின் பிடிவாதத்தைவிட நேர்மையானது.

இந்த விவாதத்தில் தெற்காசியா தன் சொந்தத் தரவைக் கொண்டு பேச வேண்டும் என்பது இங்கே அழுத்திச் சொல்லத்தக்கது. வியட்நாமில் அமெரிக்கக் குழுவொன்று 1967 முதல் 1969 வரை ஏறத்தாழ 8,000 காயப்பட்டோரின் விவரத்தைச் சேகரித்தது: எந்த ஆயுதம், எவ்வளவு தொலைவு, உடலில் எந்த இடம், சிகிச்சை என்ன, முடிவு என்ன. உலகில் ரவை பற்றிய வாதங்கள் பல அந்தத் தொகுப்பை நம்பி நிற்கின்றன. செஞ்சிலுவைச் சங்கத்தின் அறுவை மருத்துவர் ராபின் கூப்லண்ட் 1991இல் வெளியிட்ட காய வகைப்பாடு, எந்த ஆயுதம் என்று தெரியாவிட்டாலும் காயத்தை எப்படி அளந்து பதிவது என்று காட்டியது: சன்னம் நுழைந்த துளையின் அகலம், வெளியேறிய துளையின் அகலம், உள்ளே இரண்டு விரல் நுழையும் குழி உண்டா, எலும்பு முறிந்ததா, உறுப்பு பாதிக்கப்பட்டதா, உலோகம் தங்கியதா. தளவாடச் சந்தையின் விளம்பரங்களைவிட இந்த ஆறு கேள்விகள் கூடுதலாகச் சொல்லும்.

மன்னார், வவுனியா, யாழ்ப்பாணம், அனுராதபுரம் மருத்துவமனைகளின் அறுவைப் பதிவேடுகள் அந்த முறையில் வாசிக்கப்பட வேண்டும். அப்படிச் செய்வதால் ஒரு படைக்கு நல்ல துவக்கு கிடைப்பது இரண்டாம் பயன். முதற்பயன், உடலில் சன்னமும் எறிகணைச் சிதறலும் தங்கி இன்றும் வாழ்கிற முன்னாள் போராளிகள், படையினர், குடிமக்கள் ஆகியோருக்கானது. கண்ணிவெடி அகற்றப்பட்டபின் மாந்தை மேற்குக் கிராமங்களுக்குத் திரும்பியவர்களிலும் அத்தகையோர் உண்டு. அவர்களின் காயம் எந்தத் தொலைவில், எந்தச் சன்னத்தால் வந்தது, மீதமுள்ள உலோகத்தை எடுப்பதா விடுவதா என்பதைத் தீர்மானிக்க மருத்துவருக்கு அந்தப் பதிவேடுகள் இன்றைக்கே தேவை.